மூன்று எபிசோட் ஆயிற்று, இன்னும் எத்தனை பொறுப்பது?

கோவை வாசகி ஒருவரின் கடிதம் இது. வயது 37. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

கூட்டுறவு வங்கியில் வேலை. கணவர் மென்பொருள் துறையில் இருக்கிறார். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 7. பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவு பத்து மணிக்குத்தான் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் பார்ப்பதற்குக் கணவர் 'தி வயர்' என்ற அமெரிக்க சீரிஸைத் தொடங்கியிருக்கிறார். அவர் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்தவர். இதுவரை மூன்று எபிசோட் முடிந்திருக்கிறது. "ஒன்றுமே நடக்கவில்லை. யார் போலீஸ், யார் திருடன் என்றே பாதி நேரம் புரியவில்லை. இரண்டாவதில் தூங்கியே போய்விட்டேன். 'இவர் யார்?' என்று கேட்டால் நிறுத்திவிட்டுப் பெருமூச்சு விடுகிறார். 'ஆறாவது எபிசோட் வரை பொறு, அப்புறம் நீயே விடமாட்டாய்' என்கிறார். சப்டைட்டில் போட்டால் படம் பார்க்க முடியாதாம். உலகமே கொண்டாடுகிற சீரிஸ் எனக்கு மட்டும் அலுக்கிறதென்றால் குறை என்னிடம்தானே? மெகா சீரியல் பார்த்துப் பழகிய மூளைக்கு இது ஏறாதோ? பாதியில் விட்டால் அவர் மனம் நோகும். தொடங்கியதை முடிக்காமல் விடுவதும் எனக்குப் பிடிக்காது. தொடரட்டுமா, விட்டுவிடட்டுமா?"

குடும்பநல ஆலோசகரின் பதில்:

சகோதரி,

உங்கள் கேள்விக்கு முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆறாவது எபிசோட் முடியும் வரை பாருங்கள். இன்னும் மூன்றே இரவுதான். அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் நிறுத்திவிடுங்கள். ஆனால் இதுவரை பார்த்த விதத்திலேயே அந்த மூன்றையும் பார்த்தால் அந்த நேரமும் வீண்தான். எப்படிப் பார்ப்பது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கணவர் 'ஆறு' என்று சொல்வதில் காரணம் இருக்கிறது. ஆனால் அவர் உங்களுக்குக் கொடுக்கும் வாக்குறுதி தவறு. ஆறாவதில் கதை வேகம் பிடிக்கப்போவதில்லை. அறுபதாவது எபிசோட் வரை ஏறத்தாழ இதே நடைதான். ஆறாவதில் நடப்பது வேறு. போதைப்பொருள் கும்பல் ஒன்றைப் பிடிக்க போலீஸ் செய்யும் எந்த ஒட்டுக்கேட்பின் பெயரை இந்த சீரிஸுக்கு வைத்தார்களோ அந்த ஒட்டுக்கேட்பே அப்போதுதான் தொடங்குகிறது. அந்த எபிசோடின் பெயரும் 'தி வயர்'தான்.

ஏன் ஐந்து எபிசோட் தாமதம்? அமெரிக்கச் சட்டப்படி, நினைத்த மாத்திரத்தில் போலீஸ் ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க முடியாது. மற்ற வழிகளை முயன்று பார்த்தோம், பலிக்கவில்லை, அல்லது அவை பலிக்கவே வாய்ப்பில்லை என்று நீதிபதிக்குக் காரணத்தோடு எழுதிக் காட்ட வேண்டும். நீங்கள் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதிய மூன்று மணி நேரத்தில் நடப்பது இந்த வேலைதான். தகவல் சொல்பவரை வைத்து ஆட்களை அடையாளம் காண்கிறார்கள், கூரையிலிருந்து படம் எடுக்கிறார்கள், மாறுவேடத்தில் போய்ப் போதைச் சரக்கு வாங்கிப் பார்க்கிறார்கள், ரெய்டு போய் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அந்தத் தோல்விகள் எல்லாம் நீதிபதியின் மேசைக்குப் போகும் தாளில் ஒவ்வொரு வரியாகின்றன. இதை யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ரெய்டு வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

வங்கியில் கடன் கோப்பு ஒன்று கிளையிலிருந்து தலைமை அலுவலகம் வரை எப்படி நகர்கிறது என்று பார்ப்பவர் நீங்கள். அந்தப் பொறுமை உங்களிடம் இல்லையென்று நான் நம்பமாட்டேன்.

நடந்தது, ஆனால் இசை வாசிக்கவில்லை

நீங்கள் தூங்கிய இரண்டாவது எபிசோடில் என்ன நடந்தது தெரியுமா? குடித்துவிட்டு நள்ளிரவில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகும் மூன்று போலீஸ்காரர்களில் ஒருவர், பிரெஸ், சும்மா நின்ற ஒரு சிறுவனைத் துப்பாக்கிக் கட்டையால் அடிக்கிறார். பையனுக்கு ஒரு கண் போகிறது. குழுத் தலைவர் டேனியல்ஸ் அவரைக் கண்டிக்கிறார், கூடவே தப்பிக்க என்ன பொய் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுக்கிறார். நம்மூர் சீரியலில் இது ஒரு வார விஷயம். முகத்துக்கு முகம் கேமரா பாயும், இடி இடிக்கும். இங்கே பின்னணி இசை ஏறக்குறைய கிடையவே கிடையாது. காட்சிக்குள் ரேடியோவோ காரோ பாடினால்தான் பாட்டு. எதைக் கவனிக்க வேண்டும் என்று காதில் யாரும் சொல்வதில்லை.

முதல் எபிசோடின் கடைசியில், இறந்து கிடப்பவர் யார் என்று ஞாபகப்படுத்த நீதிமன்றக் காட்சியின் துணுக்கு ஒன்று மின்னி மறையும். சேனல் வற்புறுத்தியதால் சேர்த்தது அது. அதன்பின் அப்படி ஒரு கைத்தாங்கல் இந்த சீரிஸில் வராது.

ஆகவே, மெகா சீரியல் பார்த்த மூளைக்கு இது ஏறாது என்பது தப்புக் கணக்கு. இருபது பேர் கொண்ட குடும்பத்தில் யாருக்கு யார் சித்தப்பா, யார் யாரிடம் எந்த ரகசியத்தை மறைத்தார் என்று மூன்று வருடம் நினைவில் வைத்திருப்பது சின்ன வேலையில்லை. இங்கே தேவைப்படும் நினைவாற்றலும் அதேதான். வித்தியாசம் ஒன்றே: துணி மடித்துக்கொண்டே காதால் பார்க்கலாம் என்ற வசதி இதில் இல்லை. நீங்கள் எழுதாவிட்டாலும் கேட்கிறேன், அந்த மூன்று இரவிலும் கையில் போனோ மடிக்கத் துணியோ இருந்ததா?

மொழியில் குறை உங்களுடையதல்ல

கதை நடப்பது பால்டிமோரில். எழுதியவர் டேவிட் சைமன், அந்த ஊர்ப் பத்திரிகையில் குற்றச் செய்தி நிருபராக இருந்தவர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் அதே ஊரில் துப்பறிவாளராக இருந்து பிறகு பள்ளி ஆசிரியரானவர். அதனால் தெருவில் பேசுவதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவிலேயே பலர் சப்டைட்டில் போட்டுத்தான் பார்க்கிறார்கள். இரண்டு முறை பார்த்தவருக்கு அது இடைஞ்சலாகத் தெரியலாம். முதல் முறை பார்ப்பவருக்கு அது கண்ணாடி மாதிரி. ஆங்கில சப்டைட்டிலைக் கட்டாயம் போடுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சில சொற்களை மட்டும் முன்கூட்டித் தெரிந்துகொள்ளுங்கள். 'டிடெய்ல்' என்றால் ஒரே வழக்குக்காகப் பல பிரிவுகளிலிருந்து ஆள் பிடித்து ஒட்டவைத்த தற்காலிகக் குழு. ஒவ்வொரு பிரிவும் தனக்கு வேண்டாத ஆளைத்தான் தள்ளிவிடும், அதனால்தான் அந்தக் குழுவில் இத்தனை உருப்படாதவர்கள். 'ரீ-அப்' என்பது விற்றுத் தீர்ந்ததும் வந்து சேரும் புதுச் சரக்கு. 'ஹாப்பர்' என்றால் தெருவில் விற்கும் பொடியன். 'டவர்' என்பது உயரமான அடுக்குமாடி, நல்ல வியாபாரம் நடக்கும் இடம். 'பிட்' என்பது நடுவில் ஆரஞ்சு சோபா கிடக்கும் தாழ்வான குடியிருப்பு முற்றம். கும்பலைச் சேர்ந்த டீஆஞ்சலோ டவரிலிருந்து பிட்டுக்கு அனுப்பப்படுவது தண்டனை மாற்றல். வங்கியில் இருக்கும் உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அந்த மூன்று இரவுகள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் போலீஸ்: மெக்நல்ட்டி (வாயை மூடத் தெரியாதவர், இந்த வழக்கே அவர் நீதிபதியிடம் உளறியதில் தொடங்கியது), கீமா, டேனியல்ஸ், பங்க், லெஸ்டர், பிரெஸ். வலப்பக்கம் தெரு: ஏவன் பார்க்ஸ்டேல் முதலாளி, ஸ்ட்ரிங்கர் பெல் அவருடைய வலதுகை, டீஆஞ்சலோ ஏவனின் அக்கா மகன், அவனுக்குக் கீழே போடி, வாலஸ், பூட் என்ற பையன்கள். கோட்டின் மேலேயே இரண்டு பேர்: போலீசுக்குத் தகவல் சொல்லும் பபிள்ஸ், கடத்தல்காரர்களிடமே கொள்ளையடிக்கும் ஓமர். இந்தப் பதினான்கு பேர் தெரிந்தால் முதல் சீசனுக்குப் போதும். மற்றவர்கள் தானாக ஒட்டிக்கொள்வார்கள்.

நான்காவதைத் தொடங்கும் முன் மூன்றாவதில் இரண்டு காட்சிகளை மட்டும் திரும்பப் பாருங்கள், பத்து நிமிடம் ஆகும். ஒன்று, டீஆஞ்சலோ பையன்களுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுப்பது. ராஜா ராஜாவாகவே இருப்பார், சிப்பாய்கள் சீக்கிரம் பலகையை விட்டுப் போய்விடுவார்கள் என்று அவன் சொல்லும்போது, யார் முகத்தில் எந்த உணர்ச்சி என்று பாருங்கள். இன்னொன்று, லெஸ்டர் பழைய குத்துச்சண்டை போஸ்டரோடு திரும்பி வருவது. அதுவரை மூலையில் உட்கார்ந்து பொம்மை நாற்காலி செதுக்கிக்கொண்டிருந்த கிழவர், மொத்தக் குழுவிடமும் இல்லாத ஏவனின் படத்தைச் சத்தமில்லாமல் கொண்டுவருகிறார். முதல் தடவை இது சாதாரணமாகத்தான் கடந்துபோகும். இந்த சீரிஸ் சந்தோஷப்படுத்தும் விதமே இதுதான். இதில் உங்களுக்கு ஒரு சின்னப் புன்னகையாவது வருகிறதா என்று பாருங்கள்.

நான்காவதில் பங்க்கும் மெக்நல்ட்டியும் ஒரு பழைய கொலை நடந்த சமையலறைக்குப் போவார்கள். சில நிமிடங்கள் நீளும் அந்தக் காட்சியில் ஒரே ஒரு கெட்ட வார்த்தையைத் தவிர வேறு வசனமே கிடையாது. குண்டு எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் கண்டுபிடிப்பதை நீங்களும் கூடவே கண்டுபிடிக்க வேண்டும். சப்டைட்டில் உதவாத காட்சி, ஆங்கிலமும் தேவையில்லை. ஐந்தாவதில் பேஜர் எண் புதிர் ஒன்று வரும், அதற்கு பொத்தான் போனின் எண் வரிசையை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணவரிடம் விடை கேட்காதீர்கள். அவரும் சொல்லக் கூடாது.

எபிசோட் சுமார் ஒரு மணி நேரம். பத்து மணிக்குத் தொடங்கினால் பதினொன்று. காலையில் டிபன் பாக்ஸ் கட்ட எழுந்திருப்பவருக்கு அது நேரமல்ல. தூக்கத்தோடு பார்த்தால் எந்த சீரிஸும் மெதுவாகத்தான் தெரியும். வார நாளில் வேண்டாம், வெள்ளி, சனி இரவு பாருங்கள். மூன்று எபிசோடுக்கு இரண்டு வாரம் ஆனால் ஆகட்டும். அதற்கு மேல் இடைவெளி விட்டால் பெயர்கள் மறந்துவிடும். 'முன்கதை' சுருக்கத்தைத் தாண்டிவிடாதீர்கள். தொடக்கப் பாட்டு முடிந்ததும் திரையில் ஒரு வாக்கியம் வரும், அது அந்த எபிசோடில் யாரோ ஒருவர் சொல்லப்போகும் வசனம். யார் சொல்கிறார் என்று காத்திருப்பது தூக்கத்துக்கு நல்ல மருந்து.

ஒரு எச்சரிக்கை. கெட்ட வார்த்தை, நிர்வாணக் காட்சி, போதை ஊசி எல்லாம் உண்டு. மகன் தண்ணீர் குடிக்க எழுந்து வரும் வீடு என்றால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

உலகம் கொண்டாடியதா?

2002 முதல் 2008 வரை எச்பிஓ சேனல் இதை ஒளிபரப்பியபோது பார்த்தவர்கள் குறைவு. எழுத்துக்காக இரண்டு முறை அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மிக்குப் பரிந்துரை கிடைத்தது, ஒரு விருதுகூடக் கிடைக்கவில்லை. புகழ் பெரும்பாலும் பின்னால் வந்தது, டிவிடியில் அடுத்தடுத்துப் பார்க்க முடிந்தவர்கள் வழியாக. அன்றைக்கு நடுவில் எழுந்து போனவர்கள் எல்லாம் ரசனை இல்லாதவர்கள் என்றால் அமெரிக்காவில் பெரும்பாலானோர் அந்தக் கணக்கில் வருவார்கள்.

'பெரிய சீரிஸ் எல்லாம் மெதுவாகத்தான் தொடங்கும்' என்பதும் சரியல்ல. 'பிரேக்கிங் பேட்' முதல் காட்சியிலேயே பாலைவனத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிற்கும். 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' போன்ற நகைச்சுவைத் தொடர்கள் வேறு ரகம். 2009இல் வந்த ஆறு எபிசோட் முதல் சீசனில் அவர்களுக்கே தங்கள் நாயகி பிடிபடவில்லை, இரண்டாவது சீசனில் திருத்திக்கொண்டார்கள். அங்கே முதல் சீசனைத் தாண்டிப் போய்விட்டாலும் பாதகமில்லை. 'தி வயர்' அப்படித் தடுமாறவில்லை, திட்டமிட்டே இப்படி நடக்கிறது. எனவே தாண்டிப் பார்க்கும் வழி இங்கே இல்லை. இந்த நடை பிடிக்காவிட்டால் பின்னால் பிடித்துப்போகும் என்ற நம்பிக்கையிலும் பெரிய பொருளில்லை. நடை மாறாது, அதைப் படிக்க உங்களுக்குப் பழகலாம். அது ஆறுக்குள் பழகவில்லை என்றால் பெரும்பாலும் பழகாது.

'தொடங்கியதை முடிக்க வேண்டும்' என்கிறீர்கள். முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்பார்கள், ஆனால் நீங்கள் நனைந்தது கணுக்கால் வரைதான். மூன்று மணி நேரம் போனது போனதுதான். பாக்கி ஐம்பத்தேழு மணி நேரம். வாரம் இரண்டு எபிசோட் என்றால் ஆறு மாதத்துக்கு மேல். வராக்கடனுக்கு மேலும் கடன் கொடுப்பீர்களா?

பெருமூச்சைப் பற்றி

இதுவரை சீரிஸைப் பற்றிப் பேசினேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் 'பெருமூச்சு'. அவருக்கு அது மிகப் பிடித்த விஷயம், அதை உங்களோடு பகிர நினைக்கிறார். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் இரண்டு முறை பார்த்தவர் கதையைப் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் எதிர்பார்த்த இடத்தில் உங்களுக்கு வியப்பு வராதபோது அவர் ஏமாறுகிறார், நீங்கள் பரீட்சையில் தவறியதுபோல் உணர்கிறீர்கள். யாரும் சண்டை போடாமலேயே அந்த ஒரு மணி நேரம் கெட்டுப்போகிறது.

சீரிஸ் ஓடாத நேரத்தில், சாப்பிட்ட பிறகு, இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஆறு வரைக்கும் நான் ஒழுங்கா பாக்கறேன்ங்க. சப்டைட்டில் இருக்கணும். நடுவுல கேள்வி கேக்கமாட்டேன், முடிஞ்சதும் பத்து நிமிஷம் கேக்கறேன், நீங்க சொல்லணும். ஆறுக்கு அப்புறம் வேண்டாம்னு தோணினா வேண்டாம்னு சொல்லுவேன், அதுக்கு நீங்க மூஞ்சியத் தூக்கக் கூடாது." அவர் தரப்புக்கும் ஒரு நிபந்தனை சேருங்கள்: 'இப்போ பாரு, இப்போ பாரு' என்று முழங்கையால் இடிக்கக் கூடாது.

நிறுத்த முடிவெடுத்தால் "இது குப்பை" என்று சொல்ல வேண்டாம், "எனக்கு இது ஒட்டலை" என்றால் போதும். அவர் மூன்றாம் முறை தனியாகப் பார்க்கட்டும். சேர்ந்து உட்காரும் நேரத்தை மட்டும் அதோடு சேர்த்து விட்டுவிடாதீர்கள், அடுத்த தேர்வு உங்களுடையதாக இருக்கட்டும். ஆங்கிலம் வேண்டாம், போலீஸ் கதை வேண்டும் என்றால் தமிழிலேயே 'சுழல்' இருக்கிறது. 2022இல் வந்த முதல் சீசன் எட்டே எபிசோட். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். இந்தப் பெருமூச்சு டிவி முன்னால் மட்டும்தானா? பணக் கணக்கிலும், பிள்ளைகள் படிப்பிலும், உங்கள் பிறந்த வீட்டு விஷயத்திலும் 'உனக்குப் புரியாது' என்ற தொனி இருந்தால் அது வேறு கடிதம். அதைத் தனியாக எழுதுங்கள், அல்லது அருகில் ஆலோசகர் ஒருவரை இருவருமாகப் போய்ப் பாருங்கள்.

ஒருவேளை பிடித்துவிட்டால்

அப்போதும் ஐந்து சீசனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம். பதின்மூன்று எபிசோட் முதல் சீசன் ஒரு வழக்கை எடுத்து அதை முடித்தும் வைக்கிறது. அங்கேயே நிறுத்தினால் எதுவும் தொங்கலில் நிற்பதாகத் தோன்றாது. ஏனென்றால் இரண்டாவது சீசன் உங்களை மறுபடி முதல் படியில் நிறுத்தும். துறைமுகம், கப்பல் தொழிலாளர்கள் என்று நிறையப் புது முகங்கள். பழகிய தெரு எங்கே என்று தேடுவீர்கள். முதல் சீசனைக் காதலித்தவர்களே பலர் தடுக்கி விழும் இடம் அது. மூன்றாவதில் நகர அரசியல், நான்காவதில் பள்ளிக்கூடம், ஐந்தாவதில் பத்திரிகை அலுவலகம் என்று ஒவ்வொரு தடவையும் இந்தப் புதுக்குடித்தனம் உண்டு.

நான்காவது சீசன்தான் சிறந்தது என்பவர்கள் அதிகம், என் கருத்தும் அதுதான். ஆனால் அதில் வருபவர்கள் உங்கள் மகனைவிட ஓரிரு வயது மூத்த பள்ளிப் பையன்கள். முதல் சீசனின் பின்பகுதியிலும் சிறுவர்கள் படும் பாடு எளிதில் மறக்காது. அன்று மனம் கனத்திருந்தால் பார்க்காதீர்கள். பார்த்த இரவில் உடனே படுக்கவும் போகாதீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமை நான்காவதைப் போடுங்கள். தொடக்கப் பாட்டுக்கு முன்னாலேயே போலீஸ்காரர்கள் வாசலில் மாட்டிக்கொண்ட ஒரு மேசையோடு மல்லுக்கட்டுவார்கள். அது ஏன் நகரவில்லை என்று அவர்களுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிகிறதா, பாருங்கள். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.